மஸ்கட்டுக்கு நாலு மணி நேரம்

என் அம்மா விமானத்தில் ஏறியதில்லை. மீனம்பாக்கத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கையாட்டியதோடு சரி. ஆனாலும் மஸ்கட்டிலிருந்து சென்னைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது.

தம்பிக்கு அங்கே வெல்டர் வேலை கிடைத்த அன்று, "ரெண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேலம்மா" என்று பெருமையாகச் சொன்னான். அம்மா முறத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"கிலோமீட்டரை வச்சிகினு நான் இன்னா பண்றது? எத்தினி மணி நேரம்னு சொல்லு நைனா."

"நாலு மணி நேரம். அதுக்குள்ளயே எறக்கிடுவான்."

அதுவரை அவன் அத்திப்பட்டில், அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்டில் இருந்தான். எங்கள் ஊர் ஆரம்பாக்கத்தில் ரயிலுக்குக் காத்திருந்து, இறங்கி ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்து, போய்வருவதற்குள் பாதி நாள் போய்விடும். "அப்போ அத்திப்பட்டு போய்ட்டு வர்ற நேரந்தான? போய்ட்டு வா" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு மஸ்கட் என்பது அத்திப்பட்டுக்கு அடுத்த ஸ்டேஷன்.

சொன்னாளே தவிர, அவன் ஆகாயத்தில் இருக்கும் அந்த நாலு மணி நேரமும் அவள் படுகிற பாடு இருக்கிறதே! பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள். படுக்க மாட்டாள். வாசல் படியில் உட்கார்ந்து, பட்டன் போனை மடியில் வைத்துக்கொண்டு, முழங்காலைக் கட்டிக்கொள்வாள். அவன் இறங்கியவுடன் முதல் போன் அவளுக்குத்தான் வர வேண்டும். "எறங்கிட்டேம்மா" என்று காதில் விழுந்த பிறகுதான் சோற்றில் கை வைப்பாள்.

நான் அவனுக்கு அக்கா. அப்பா நாங்கள் சின்னவர்களாக இருக்கும்போதே போய்விட்டார். கல்யாணத்துக்குப் பிறகும் அம்மாவுடன் ஒரே வீட்டில்தான் இருந்தேன். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் பேக்கிங் வேலை. எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தால், இவள் பட்டினி கிடப்பதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நீ பட்டினி கெடந்தா பிளேனு சீக்கிரம் போவுமா?" என்று ஒருமுறை கத்தினேன்.

"அவன் காலுக்குக் கீழ ஒண்ணுமே இல்லடி" என்றாள் அம்மா. "நான் எப்பிடி துன்றது?"

தட்டை நங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனேன்.

போன புரட்டாசியில் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். தம்பிக்குச் சொன்னோம். மறுநாள் காலை விமானத்துக்கு டிக்கெட் போட்டான். அவன் ஏறுவதற்கு முன்னாலேயே, சனிக்கிழமை விடியற்காலையில், என் மடியில் தலை இருக்கும்போதே அம்மா போய்விட்டாள். நான் பேசிக்கொண்டே இருந்தேன். அவள் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியவே கொஞ்ச நேரம் ஆனது.

முதலில் ஓடி வந்தது மாமா. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, அடுத்த தெரு. வந்ததும் அழுதார். அழுது முடித்ததும் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, தம்பிக்குச் சொல்லக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு எங்கள் பக்கம் யாரும் சாவைச் சொல்ல மாட்டார்கள். 'சீரியஸ்' என்றுதான் சொல்வார்கள். விஷயம் தெரிந்துவிட்டால் வழியெல்லாம் தனியாக அழுதுகொண்டு வர வேண்டுமே. அதற்கு நானும் சரி என்றேன்.

இரண்டாவது விஷயத்தை மாமா குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இன்னிக்கு சனிக்கிழமம்மா. பாடையில ஒரு கோழி கட்டணும்."

சனிக்கிழமை செத்தவர்கள் துணை தேடுவார்கள், வீட்டிலிருந்தே இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒரு பயம். அதற்காக ஒரு கோழியை உயிரோடு பாடையின் காலில் கட்டி அனுப்புவார்கள். துணைக்கு அது போகும், வீட்டு ஆட்களை விட்டுவிடும்.

எனக்கு வந்ததே கோபம்! "எங்கம்மா யாரக் கூட்டினு போவா? சொல்லு மாமா. என்னியா? உன்னியா? பெத்த புள்ளைக்காகப் பட்டினி கெடந்தவ, புள்ளயவே கூட்டினு போவாளா? கோழியும் வேணாம், குஞ்சும் வேணாம். புரட்டாசி மாசத்துல முட்டைகூடத் தொடாதவ அவ!"

மாமா என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஐஸ் பெட்டிக்குச் சொல்லப் போனார்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து ஐஸ் பெட்டி வந்தது. கண்ணாடி மூடி போட்ட நீளப் பெட்டி. பிளக்கைச் சொருகியதும் உர்ரென்று ஒரு சத்தம். அம்மாவைக் குளிப்பாட்டி, பச்சைப் புடவை கட்டி உள்ளே வைத்தோம். வைத்துக் கொஞ்ச நேரத்தில், அம்மாவின் பட்டன் போன் அடித்தது. தம்பி.

"அக்கா, அம்மா எப்பிடிக்கிறாங்க?"

வீடு முழுக்க ஜனம். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் கையை ஆட்டி ஆட்டி, சொல்லாதே சொல்லாதே என்று ஜாடை காட்டினார்.

"மூச்சு வாங்குதுடா. பேச முடியல."

"பேச வேணாம். போனைக் காதுல வை. நான் பேசறேன்."

நான் என்ன செய்வது? மூடியைத் தூக்கி, போனை அம்மாவின் காதோரம் வைத்தேன். அந்தச் சின்ன போனுக்குள்ளிருந்து அவன் குரல் எல்லாருக்கும் கேட்டது. "யம்மா, பிளேனு ஏறப் போறேன். நாலு மணி நேரந்தாம்மா. இரு. எங்கியும் போயிடாத."

மூடியை மூடிவிட்டு வாசலுக்கு ஓடிப்போய் அழுதேன். போனை எடுக்க மறந்துவிட்டேன். அது தலையணையில் அம்மாவின் காதை ஒட்டிக் கிடந்தது. மாமா பார்த்துவிட்டு, "சும்மா சும்மா தொறக்காதீங்க, இருக்கட்டும்" என்றார்.

அதன்பிறகு காத்திருப்பது ஒன்றுதான் வேலை. பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும். கொள்ளி வைக்க அவன் ஒருவன்தான் பிள்ளை. வந்த ஒவ்வொருவரும் கேட்ட முதல் கேள்வி, எத்தனை மணிக்கு இறங்குவான் என்பதுதான். என் வீட்டுக்காரர் செல்லில் விமானம் காட்டும் ஆப்பை இறக்கி வைத்திருந்தார். நீலக் கடல்மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன விமானம். தாலி கட்டும்போதுகூட அவ்வளவு பேர் என்னைச் சுற்றி நின்றதில்லை. அந்த செல்லைச் சுற்றி நின்றார்கள். "கடலைத் தாண்டிட்டான்" என்று ஒருவர் சொல்வார். உடனே பந்தல் முழுக்க அது பரவும்.

நான் பெட்டியை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அவன் ஆகாயத்தில் இருக்கும்போது அம்மா படுத்திருப்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். கண்ணாடியில் முகத்துக்கு நேராகப் பனி படர்ந்துகொண்டே இருந்தது. துடைத்தேன். மறுபடி படர்ந்தது. கால் பக்கம் அவ்வளவு இல்லை. "மூச்சு வுடற மாதிரியேகீது" என்று பக்கத்தில் ஒருத்தி முணுமுணுத்தாள். "வாய மூடு" என்று சீறினேன். ஆனால் அதற்கப்புறம் துடைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மத்தியானம் தாண்டியதும் வானம் கறுத்தது. பழவேற்காட்டுப் பக்கமிருந்து காற்று தூக்கி அடித்தது. பந்தல் துணி படபடத்தது. தப்பட்டை அடிப்பவர்கள் தோலைக் காய்ச்ச மூட்டிய நெருப்பு அணைந்தது.

"ஏய், பிளேனு இன்னா இப்பிடிப் போவுது?" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் செல்லைப் பிடுங்கிப் பார்த்தேன். சென்னைக்குப் பக்கத்தில் வந்துவிட்ட விமானம், இறங்காமல் வடக்கே திரும்பியிருந்தது. கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று ஊர்ப்பேர்கள் தெரிந்தன. அப்படியே வளைந்து, எங்கள் ஊருக்கு மேலே வந்து, ஒரு வட்டம் போட்டது. மழையாக இருந்தால் இறங்க விடாமல் சுற்றவிடுவார்கள் என்று யாரோ ஒரு பையன் விளக்கம் சொன்னான். இருக்கலாம். நான் வாசலுக்கு ஓடி மேலே பார்த்தேன். மேகம்தான் இருந்தது. மேகத்துக்கு மேலே எங்கேயோ ஓர் உறுமல், வந்து, தேய்ந்து, மறுபடி வந்தது.

இரண்டாவது வட்டம். உள்ளே ஐஸ் பெட்டி உர்ரென்றது. மேலே அதே மாதிரி உர்ரென்றது. எனக்கு ஒன்று தோன்றியது, தோன்றியிருக்கவே கூடாது. சுடுகாட்டில் பிள்ளை தோளில் தண்ணீர்க் குடத்தோடு சிதையை இப்படித்தான் சுற்றிவருவான். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு ஓட்டை. மூன்றாவது சுற்றில் குடம் உடையும்.

செல்லில் விமானம் மூன்றாவது வட்டத்தை ஆரம்பித்தது.

சனிக்கிழமை, துணை, காலையில் நான் கத்திய கத்தல் எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. நேராக மாமாவிடம் போனேன். "மாமா, கோழி வாங்கிடு. எங்கியாவது போய் ஒரு கோழி வாங்கிடு." மாமா ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. என் வீட்டுக்காரரை வண்டியெடுக்கச் சொல்லி, பின்னால் ஏறிக்கொண்டார். செல் என் கையில் இருந்தது.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் மழை கொட்டியது. கரண்ட் போனது. அத்திப்பட்டில் மலை மலையாகக் கரியைக் கொளுத்திக் கரண்ட் எடுக்கிறார்கள், எங்களுக்கு நாலு தூறல் விழுந்தால் போதும், போய்விடும். பெட்டியின் சத்தம் நின்றது. டவரும் போனது. செல்லில் விமானம் நடுச்சுற்றில் அப்படியே நின்றுவிட்டது. எவ்வளவு தேய்த்தும் அசையவில்லை. கடைசியில் அதுவும் மறைந்து வெறும் வரைபடம் மட்டும் இருந்தது.

பட்டப்பகலில் வீட்டுக்குள் சாயங்காலம் மாதிரி இருட்டு. மழைச் சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. பெண்கள் எல்லாம் சாரலுக்குப் பயந்து சுவரோரம் ஒண்டினார்கள். பெட்டியை ஒட்டி நான் மட்டும்தான். பனி படர்ந்த கண்ணாடிக்கு உள்ளே, அம்மாவின் காதோரம், பச்சையாக ஒரு வெளிச்சம் வந்தது. கன்னம் வரைக்கும் தெரிந்தது. கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அணைந்தது.

மின்னல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மின்னல் பச்சையாக இருக்குமா, அவ்வளவு நேரம் நிற்குமா என்றெல்லாம் யோசிக்க நான் தயாராக இல்லை.

மாமாவும் என் வீட்டுக்காரரும் தெப்பலாக நனைந்து, வெறுங்கையோடு திரும்பினார்கள். புரட்டாசி சனிக்கிழமை, கறிக்கடை ஒன்றுகூடத் திறக்கவில்லை. கோழி வளர்க்கும் வீடுகளில் கேட்டிருக்கிறார்கள். எதற்கென்று தெரிந்ததும், வளர்த்ததைப் பிணத்துக்குத் துணையாக அனுப்ப யாருக்கும் மனசு வரவில்லை. எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

கரண்ட் வந்து, பெட்டி மறுபடி உறுமத் தொடங்கிய பிறகுதான், தம்பியை அழைத்து வர நாங்கள் அனுப்பியிருந்த டாக்சிக்காரர் லைனில் கிடைத்தார். "ஆள ஏத்திட்டேன். வந்துகினேகீறோம். நீங்க சொன்ன மாதிரி நான் ஒண்ணும் வாயத் தொறக்கல."

என் தம்பி தரையில் இருக்கிறான். எனக்கு உயிர் வந்தது. ஆனால் முழுசாக வரவில்லை. நாலு மணி நேரக் கடலை அவன் தாண்டிவிட்டான். இனிமேல்தான் மாதவரம், செங்குன்றம், கன்டெய்னர் லாரிகள், மழை. சனிக்கிழமை இன்னும் முடியவில்லை. கோழியும் இல்லை.

மழை விட்டது. மேற்கே கொஞ்சம் வெளுத்தது. மாமா வெயிலைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்தார். பாடை கட்டி முடித்திருந்தார்கள். அதன் காலில் கோழி கட்டுவதற்கென்று மாமா ஒரு கயிற்றை முடிந்து வைத்திருந்தார். சும்மா தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கயிற்றைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு விஷயத்தை எல்லாரும் கோட்டை விட்டிருந்தோம். ஹைவேயிலிருந்து ஊருக்குத் திரும்பும் முனையில், தெருப் பையன்கள் அம்மாவின் படம் போட்டுக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டிவிட்டிருந்தார்கள். தம்பி வந்த பிறகு கட்டுங்கள் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. டாக்சி அங்கேயே நின்றுவிட்டது. டாக்சிக்காரர் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னார். "எறங்கிட்டாருங்க. பேனருக்குக் கீழ நிக்கிறாரு. கூப்ட்டா வரல."

நான் தெருவில் ஓடினேன். சேற்றில் வழுக்கிக்கொண்டு ஓடினேன். எதிரே அவன் நடந்து வந்துகொண்டிருந்தான். பெட்டி இல்லை, பை இல்லை. கையிடுக்கில் எதையோ அணைத்துப் பிடித்திருந்தான். கிட்டே வந்ததும் அது அசைந்தது.

கோழி. சிவப்புக் கோழி, கால் இரண்டும் கட்டி.

"அக்கா, இப்பத்தான பேசினாங்க" என்றான். முகம் வெளுத்துக் கிடந்தது. "எறங்கினதும் போன் போட்டேன். அம்மாதான் எடுத்தாங்க. வரும்போது ஒரு கோழி வாங்கினு வா, உசுரோட வாங்கினு வான்னாங்க. புரட்டாசில இன்னாமா கோழின்னேன். எல்லாக் கடையும் மூடிக்கிச்சி. கவரைப்பேட்டையாண்ட ஒரே ஒரு கடையில ஒண்ணே ஒண்ணு இருந்திச்சி. அதுக்காவ நின்னதுலதான் லேட்டாயிடிச்சா? எப்போக்கா? எப்போ போனாங்க?"

எனக்குப் பின்னால் ஓடி வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். யாரும் அழவில்லை. மாமா மட்டும் முன்னால் வந்து, அவன் கையிலிருந்து கோழியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

விடியற்காலையிலேயே என்று அவனிடம் நான் சொன்னபோது, அவன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தோம். போன் வைத்த இடத்தில் இருந்தது. ஜில்லென்று, ஈரமாக, சார்ஜ் செத்துக் கிடந்தது. பிறகு எத்தனை நாள் சார்ஜ் போட்டும் அது உயிர் பெறவில்லை. நான் நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். அந்தப் பச்சை வெளிச்சத்தை நான் பார்த்தேன். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

மாமா தொங்கிக்கொண்டிருந்த கயிற்றில் கோழியைக் கட்டினார். தப்பட்டைச் சத்தத்திலும் அது மிரளவில்லை, கத்தவில்லை. பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தெருமுனைவரை போய் நின்றேன். பொழுது சாய்வதற்குள் தம்பி குடத்தோடு மூன்று சுற்றும் சுற்றி, கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பி வந்தான். தலை முழுகிவிட்டு வாசலில் நின்றவனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டேன்.

கருமாதி முடிந்து அவன் திரும்பிப் போகும் நாள், மீனம்பாக்கத்துக்கு நான்தான் கூடப் போனேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, அம்மா வழக்கமாக நிற்கும் இடத்திலேயே நின்றோம். அவன் உள்ளே போகாமல் பையைக் கையில் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, அன்னிக்கு போன்ல அம்மா இன்னொண்ணும் சொன்னாங்க. உங்கிட்ட சொல்லல."

"இன்னாடா?"

"கோழி எதுக்கும்மான்னு கேட்டேன். துணைக்குன்னாங்க. நாந்தான் வந்துகினுகீறனே, அப்புறம் இன்னா துணைன்னேன்." பையைக் கீழே வைத்தான். "நீ வேணாம் நைனா, அது போதும்னாங்க."

அவனை அங்கேயே கட்டிக்கொண்டு கத்தி அழுதேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வீடு வந்து சேர்ந்தபோது அவன் விமானம் கிளம்பியிருந்தது. என் வீட்டுக்காரர் சோறு போட்டுவைத்து, சாப்பிடு என்றார். நான் தட்டை நகர்த்திவிட்டு, செல்லை மடியில் வைத்துக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்தேன். அவன் இறங்கி எனக்குப் போன் போடும்வரை அங்கேயேதான் இருந்தேன்.